லெந்துக்கு முந்தின செவ்வாயும் பாபிலோன் கதையும்

சாம்பல் புதன் நெருங்கும்போது திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பேச்சு வருஷந்தோறும் தலையெடுக்கிறது. கூடாரக் கூட்டங்களில் அது பிரசங்கமாக வருகிறது. சிறு புத்தகங்களில் அச்சாகி வருகிறது. இப்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் வருகிறது. அதன் சாரம் இது. லெந்தின் நாற்பது நாள், பாபிலோனில் தம்மூசு என்ற தெய்வத்துக்காகப் பெண்கள் அழுத நாற்பது நாள். லெந்து தொடங்குவதற்கு முந்தின செவ்வாயன்று மேல்நாட்டார் சுடுகிற பேன்கேக், எரேமியா தீர்க்கதரிசி கண்டித்த, வானராக்கினிக்குப் படைத்த பணியாரம். அது வட்டமாக இருப்பது சூரியனைக் குறிக்க. கார்னிவல் விருந்து பழைய ரோமரின் விழா. ஆகவே நோன்புக்கு முந்தின நாள் கறி எடுத்துச் சமைப்பதும், நோன்பில் கறியை விடுவதும், பெரிய வெள்ளியன்று கஞ்சி குடிப்பதும் புறசமய எச்சங்கள். விசுவாசி இவற்றை உதறிவிட வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நாற்பது நாளும் மீன்கறி தொடாமல், ஒருவேளைச் சாப்பாட்டை விட்டு அந்தக் காசைக் காணிக்கையாகக் கோயிலில் கொண்டுபோய்ப் போடுகிற வயதான பெண்கள் நம் சேகரங்களில் எத்தனையோ பேர். அவர்கள் காலமெல்லாம் காத்த ஒழுங்கை ‘பேய்க்குப் படைத்தது’ என்று மேடையில் சொல்கிறவர், அதற்கு ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர். காட்டப்படுகிற ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை.

முதலில் இந்தப் பேச்சின் ஊற்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் ஆர்புரோத் என்ற ஊரில் போதகராக இருந்த அலெக்சாண்டர் ஹிஸ்லப் 1853இல் ஒரு சிறு வெளியீடு எழுதினார். 1858இல் அதையே பெரிய நூலாக விரித்தார். ‘இரண்டு பாபிலோன்கள்’ என்பது நூலின் பெயர். ரோமன் கத்தோலிக்க சபையின் ஆசாரங்கள் எல்லாம் பாபிலோனிலிருந்து வந்தவை என்று நிறுவுவது அவருடைய நோக்கம். அவர் கையாண்ட முறை எளிது: இங்கே ஒரு வழக்கம், அங்கே அதைப்போல இன்னொரு வழக்கம், ஆகவே இது அதிலிருந்து வந்தது. இடையில் யார் கொண்டுவந்தார்கள், எந்த நூற்றாண்டில், எந்த வழியாக என்ற கேள்விகளுக்கு அவர் நூலில் பதில் இல்லை.

அதே பத்தாண்டில், 1856இல், நம் இடையன்குடி கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியானது. இரண்டு மொழிகளில் நாலு சொல் ஒன்றுபோல் ஒலித்தால் போதும் என்று அவர் நிற்கவில்லை. ஒலி, வேற்றுமை உருபு, வினைவிகுதி, மூவிடப்பெயர், எண்ணுப்பெயர் எல்லாம் ஒழுங்காக ஒத்து வருகிறதா என்று பார்த்த பிறகே உறவு சொன்னார். அவருடைய முடிவுகள் சிலவற்றைப் பின்வந்தவர்கள் மாற்றியிருக்கிறார்கள். அந்த முறை நின்றது. ஒப்புமை காட்டி உறவு சொல்ல வருகிறவர் எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே அப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது.

இனி தம்மூசு. எசேக்கியேல் 8ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஆலய வாசலில் பெண்கள் தம்மூசுக்காக அழுதது சொல்லப்படுகிறது, அது உண்மை. ஆனால் அங்கே நாற்பது நாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. நோன்பும் இல்லை, இறைச்சியை விலக்கியதும் இல்லை. அந்த அதிகாரத்தின் முதல் வசனமே தேதியும் தருகிறது: ஆறாம் மாதம், ஐந்தாம் தேதி. எபிரேயரின் ஆறாம் மாதம் நம் ஆவணியை ஒட்டி வரும். லெந்து வருவதோ மாசியிலும் பங்குனியிலும்.

பாபிலோனியர் பக்கம் போனாலும் கணக்கு ஒத்துவரவில்லை. தம்மூசு ஆடு மேய்ப்போரின் தெய்வம். கோடை வெயிலில் மேய்ச்சல் நிலம் கருகும்போது அவன் செத்துப்போனான் என்று அழுதார்கள். அந்தத் துக்கம் அவன் பேரால் வழங்கிய மாதத்தில், ஜூன்–ஜூலையில் வந்தது. மாதக் கடைசியில் ஒருசில நாள் நடந்தது. அங்கே புல் காய்கிற அந்த ஆனி, ஆடியில்தான் நமக்குக் குற்றாலத்தில் சாரல் விழுகிறது, தாமிரபரணியில் தண்ணீர் வருகிறது. ஒவ்வொரு சடங்கும் அந்தந்த மண்ணின் பருவத்தில் வேர்பிடித்தது. கோடைத் துக்கத்தை வேரோடு பிடுங்கி இளவேனிலில் நட்டு, சில நாளை நாற்பது நாளாக நீட்டி, அழுகையை நோன்பாக மாற்றினால்தான் ஹிஸ்லப்பின் லெந்து கிடைக்கும். அப்படி மாற்றியவர் யார்?

நாற்பது நாளுக்கு ஹிஸ்லப் வேறு சாட்சிகளையும் அழைக்கிறார். குர்திஸ்தானின் யெசீதி மக்கள் இளவேனிலில் நாற்பது நாள் நோன்பிருக்கிறார்கள் என்கிறார். மெக்சிகோவின் பழங்குடிகளும் அப்படியே என்கிறார். யெசீதிகளிடம் நாற்பது நாள் நோன்பு உண்டு. ஆனால் ஒன்று கோடையில், மற்றது குளிர்காலத்தில். அவர்களுடைய சமயம் இன்றைய வடிவம் பெற்றது 12ஆம் நூற்றாண்டில், ஷேக் ஆதியின் காலத்தில். லெந்து அதற்கு எண்ணூறு வருஷம் மூத்தது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்த மெக்சிகோவோடு அந்தக் காலத்துச் சபைக்குத் தொடர்பே கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். யெசீதிகளை ‘பிசாசை வணங்குவோர்’ என்றே ஹிஸ்லப் எழுதினார். அதே பழியைச் சுமத்தித்தான் 2014 ஆகஸ்டில் ஈராக்கின் சிஞ்சாரில் அந்த மக்களைக் கொன்று குவித்தார்கள். அடுத்தவர் நோன்பைப் பேய்க்கு எழுதிவைக்கிற பழக்கம் எங்கே போய் முடியும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

லெந்து எப்படி வளர்ந்தது என்பது மறைவான சங்கதி இல்லை; சபை வரலாற்றில் படிப்படியாகத் தெரிகிறது. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரேனியு எழுதிய கடிதத்தின்படி, உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முன் சிலர் ஒருநாள் நோன்பிருந்தார்கள், சிலர் இரண்டு நாள், சிலர் இன்னும் கூடுதல் நாள். நாற்பது மணிநேரக் கணக்கும் அதில் வருகிறது. 260 வாக்கில் அலெக்சாந்திரியாவின் தியோனீசியு, சிலர் ஆறு நாளும் இருக்கிறார்கள், சிலரால் முடிவதில்லை என்று எழுதுகிறார். நாற்பது என்பது 325இல் நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதியில் போகிறபோக்கில் இடம்பெறுகிறது. 340 வாக்கில் அத்தனாசியு, உலகமெல்லாம் நாற்பது நாள் நோன்பிருக்கும்போது எகிப்து மட்டும் இல்லாமல் நகைப்புக்கு இடமாகக் கூடாது என்று தன் மக்களை வற்புறுத்துகிறார். நூறு வருஷம் கழித்தும் சோக்கிரத்தேசு என்ற வரலாற்றாசிரியர், ரோமில் மூன்று வாரம், கிரேக்க நாட்டில் ஆறு வாரம் என்று பட்டியல் போடுகிறார். ஒரு நாளாக இருந்து, ஆறு நாளாகி, மோசேயும் எலியாவும் இயேசுவும் இருந்த நாற்பதை நோக்கி வளர்ந்த நோன்பு இது. பாபிலோனிலிருந்து முழுசாக எடுத்துவந்த பண்டமாக இருந்தால் இந்தத் தடுமாற்றமும் வேற்றுமையும் ஏன்?

அடுத்தது பணியாரம். வானராக்கினிக்குப் பெண்கள் மாவு பிசைந்து சுட்டது எரேமியா 7இல் இருக்கிறது. இங்கிலாந்தின் பேன்கேக்கும் மாவில் சுட்டது. இரண்டுக்கும் நடுவில் இரண்டாயிரம் வருஷம் கிடக்கிறது. அந்த இடைவெளியை இணைக்கிற ஒரு சாட்சியும் இல்லை. இதே முறையில் நான் ஒரு நிறுவல் செய்து காட்டுகிறேன். நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் பெண்கள் ஔவையார் நோன்பு இருப்பார்கள். ஆண்பிள்ளை கண்ணில் படாமல், உப்பில்லாத கொழுக்கட்டை அவித்து, தங்களுக்குள்ளேயே தின்று முடிப்பார்கள். அது செவ்வாய்க்கிழமையில் வரும். தை, மாசி, ஆடி மாதங்களில் வரும். லெந்துக்கு முந்தின நாளும் செவ்வாய்தான். பிப்ரவரி 3க்கும் மார்ச் 9க்கும் இடையில் விழுவதால் அது எப்போதும் தையிலோ மாசியிலோதான் இருக்கும். அங்கேயும் மாவுப் பண்டம். கிழமை, மாதம், பண்டம் மூன்றும் பொருந்துகின்றன. ஆகவே இங்கிலாந்துக்காரர் பேன்கேக்கை ஔவையார் நோன்பிலிருந்து எடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் ஏற்பீர்களா? ஹிஸ்லப் காட்டுகிற பொருத்தங்களைவிட இது நெருக்கமான பொருத்தம். ஆனாலும் பொய்.

அப்படியானால் அந்தப் பண்டங்கள் எங்கிருந்து வந்தன? நோன்பின் சட்டத்திலிருந்து. இதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல வந்தது. எதை விடவேண்டும் என்று சட்டம் சொன்னதோ, அதுவே நோன்புக்கு முந்தின நாள்களின் உணவானது.

692இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தின் 56ஆம் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அர்மேனியா போன்ற இடங்களில் லெந்தின் சனி ஞாயிறுகளில் முட்டையும் பாலாடைக்கட்டியும் உண்கிறார்களாம், கூடாது, அறுக்கப்பட்ட உயிரை மட்டுமல்ல, அந்த உயிரிலிருந்து கிடைப்பதையும் விலக்க வேண்டும் என்கிறது அந்த விதி. மேற்கேயும் இடைக்காலம் முழுக்க இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எல்லாவற்றுக்கும் தடை இருந்தது. குளிர்நாட்டு வீட்டை நினைத்துப் பார்க்கவேண்டும். நவம்பரில் பன்றியை அறுத்து உப்பிட்டு வைப்பார்கள். கொழுப்பை உருக்கிச் சேர்ப்பார்கள். பிப்ரவரியிலும் அது கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இன்னும் ஆறு வாரத்துக்கு அதைத் தொட முடியாது. வெயில் ஏறினால் கெட்டுப்போகும். தின்று தீர்ப்பதைத் தவிர வேறு வழி என்ன?

தீர்த்த வரிசையைப் பார்த்தால் சந்தேகம் மிச்சமிருக்காது. வட இங்கிலாந்தில் திங்கட்கிழமை உப்பிட்ட பன்றிக்கறித் துண்டுகள். மறுநாள் செவ்வாயன்று கொழுப்பும் முட்டையும் போட்ட பேன்கேக். கிரேக்க சபையில் நோன்புக்கு முன் இறைச்சிக்கு விடை கொடுக்க ஒரு ஞாயிறு, பாலாடைக்கட்டிக்கு விடை கொடுக்க அடுத்த ஞாயிறு. ருஷ்யாவில் இந்த இரண்டு ஞாயிறுக்கும் நடுவில் வருகிற வாரம்தான் மஸ்லெனித்சா. அந்த வாரம் முழுக்க வெண்ணெயும் முட்டையும் பாலும் வழிய வழிய ‘பிளினி’ என்ற மெல்லிய தோசை சுடுவார்கள். ஆனால் இறைச்சி கிடையாது. இது சூரியனுக்கு எடுத்த பழைய விழாவென்றால், அவ்வளவு பெரிய விருந்தில் இறைச்சியை ஏன் விட்டார்கள்? முந்தின ஞாயிறோடு இறைச்சிக்குத் தடை வந்துவிட்டது, அதனால்தான். சட்டத்தைத் தெரிந்துகொண்டால் பந்தி விளங்கிவிடுகிறது. பாபிலோனைத் தெரிந்துகொண்டு ஒன்றும் விளங்குவதில்லை.

அந்தச் சட்டம் மக்களை எவ்வளவு அழுத்தியது என்பதற்கும் சாட்சி உண்டு. ஆலிவ் எண்ணெய் விளைகிற இத்தாலிக்காரருக்கு வெண்ணெய்த் தடை பெரிதில்லை. வடக்கே எண்ணெய் விளைவதில்லை. ஜெர்மனியின் சாக்சனிக்காரர்கள் விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டு, 1491இல் பாப்பரசர் எட்டாம் இன்னொசெந்திடம் வெண்ணெய் தின்ன அனுமதி வாங்கினார்கள். பிரான்சின் ரூவான் பேராலயத்தில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழத் தொடங்கிய ஒரு கோபுரத்துக்கு இன்றும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே பேர். லெந்தில் வெண்ணெய் தின்ன அனுமதி வாங்கியவர்கள் கொடுத்த காசில் அதைக் கட்டினார்கள் என்பது வரலாறு. காசு கொடுத்தாவது விலக்கு வாங்க மக்கள் துடித்த ஒரு தடை, தொடங்குவதற்கு முந்தின நாள் அடுக்களையில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சுவீடனில் அதே செவ்வாய்க்குப் பாலில் ஊறிய செம்லா ரொட்டி. 1771 பிப்ரவரி 12ஆம் தேதி, அந்த விருந்தைத் தின்ற கையோடு அரசர் அடால்ஃப் ஃப்ரெட்ரிக் இறந்தே போனார்.

வட்டம் சூரியனைக் குறிக்கிறது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கரைத்த மாவைச் சட்டியில் ஊற்றினால் அது வட்டமாகத்தான் பரவும். நம் வீட்டுத் தோசையும் ஆப்பமும் வட்டம்தான், அவற்றில் யாரும் சூரியனைத் தேடுவதில்லை. பிளினியைச் சூரிய வழிபாட்டோடு கட்டியவர்கள், கண்ட இடமெல்லாம் சூரியக் கதை தேடிய 19ஆம் நூற்றாண்டு நாட்டாரியலாளர்கள். ருஷ்யர்கள் அதே பிளினியை இறந்தவர் நினைவுச் சாப்பாட்டிலும் பரிமாறுகிறார்கள். சூரியவிழா என்றால் சூரியனின் போக்கை ஒட்டி ஒரே தேதியில் வரவேண்டும். இந்தச் செவ்வாயோ உயிர்த்தெழுதல் திருநாளுக்கு நாற்பத்தேழு நாள் முன்னால், சந்திரனை வைத்துக் குறிக்கிற கணக்கில், வருஷத்துக்கு வருஷம் நகர்கிறது.

கார்னிவல் பற்றிய வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. முகமூடி, குடி, கூத்து, கொடும்பாவி கொளுத்துவது இவையெல்லாம் திருச்சபை விதித்தவை அல்ல. குளிர்காலம் முடிகிற நேரத்தின் ஊர்க் கொண்டாட்டங்கள் அதில் கலந்திருக்கின்றன. ஆயர்களே அதைக் கண்டித்துச் சலித்திருக்கிறார்கள். ஆனால் ‘ரோமரின் பழைய விழாதான் கார்னிவல்’ என்பது வேறு பேச்சு. சாட்டர்னாலியா டிசம்பர் 17இல் தொடங்கியது. அதற்கும் கார்னிவலுக்கும் நடுவே மாதங்கள் கிடக்கின்றன. லூப்பர்காலியா பிப்ரவரி 15. வெள்ளாடும் நாயும் பலியிட்டு, ஆட்டுத்தோல் வாரோடு இளைஞர்கள் ஓடிய சடங்கு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் பாப்பரசர் கெலாசியு அதை எதிர்த்து எழுதினார். அதோடு அது மறைகிறது. ரோமில் நோன்புக்கு முந்தின விளையாட்டுகள் பற்றித் தெளிவான விவரிப்பு 12ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. நடுவில் அறுநூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. நோன்பு இல்லாத ஊரில் கார்னிவல் முளைத்ததில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கோவாவில் அது இருக்கிறது. போர்ச்சுகீசியர் கத்தோலிக்க நோன்போடு கொண்டுவந்தது அது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே இரண்டு வேறு கூற்றுகள் உலவுகின்றன. நம் லெந்து வழக்கங்கள் வெள்ளைக்காரனைப் பார்த்துச் செய்தவை என்பது ஒன்று. பக்கத்து வீட்டு இந்துக்களையும் முஸ்லிம்களையும் பார்த்துச் செய்தவை என்பது இன்னொன்று.

வெள்ளைக்காரனைப் பார்த்தது என்றால் பாளையங்கோட்டையில் பேன்கேக் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. இங்கே நோன்பு வந்த வழியை யோசித்தால் காரணம் விளங்கும். 1778இல் குளோரிந்தா என்ற பெண்மணிக்கு ஞானஸ்நானம் கொடுத்த மிஷனரி சுவார்ட்ஸ் ஒரு ஜெர்மானிய லுத்தரன். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸும் ஜெர்மானியர்தான். லுத்தரன்மார் 1530இலேயே, தங்கள் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில், உணவு விலக்கல் இரட்சிப்புக்கு வழியல்ல என்று எழுதிவிட்டவர்கள். பின்னால் வந்த ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் வருஷத்து ஜெப புத்தகம், லெந்தின் நாற்பது நாளையும் உபவாச நாள் பட்டியலில் வைத்திருக்கிறது. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று ஒரு வரி அதில் இல்லை. ஆகவே தாமிரபரணிக் கரைப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்கு லெந்து ஒரு ஜெபக் காலண்டராக வந்தது. முட்டையும் வெண்ணெயும் இங்கே எந்தச் சட்டத்தாலும் தடைபடவில்லை. அதனால் அவற்றைத் தீர்க்கிற பண்டமும் பிறக்கவில்லை. கத்தோலிக்கர் பக்கமும் தடை தளர்ந்துகொண்டே வந்தது. 1917இன் திருச்சபைச் சட்டம், இறைச்சியை விலக்குகிற சுத்தபோசன நாளிலும் முட்டை, பால் உண்ணலாம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது.

சேமிப்பும் இங்கே வேறு மாதிரி. நம்மிடம் இருப்பது நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும். கொழுப்பை உருக்கிக் குளிர்காலம் கடத்துகிற வீடு இல்லை. கறி என்றால் காலையில் அறுத்து மத்தியானம் குழம்பாகிவிடும். உப்புக்கண்டம் உண்டு, ஆனால் ஒரு பருவமே அதை நம்பி இருப்பதில்லை. எனவே நோன்புக்கு முந்தின நாளின் அடையாளம் இங்கே ஒரு தனிப் பலகாரமாக உருவாகவில்லை. செவ்வாயன்று கறிக்கடைக்குப் போய் ஆட்டுக்கறி எடுத்து, நாளை முதல் கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பரிமாறுவதோடு முடிந்தது. கல்யாணங்கள் தையிலும் மாசித் தொடக்கத்திலும் நெருக்கியடிப்பதும் இதனால்தான். லெந்தில் கோயிலில் தாலி கட்டுவதில்லை. ஊர் கூடிச் சாப்பிடுகிற அசனமும் அந்த நாள்களில் வைப்பதில்லை. மலைக்கு மேற்கே சீரியன் கிறிஸ்தவர்களுக்கு ஐம்பது நோன்பு திங்கட்கிழமையே தொடங்குகிறது. அதனால் அவர்களுடைய இறைச்சி விருந்து முந்தின ஞாயிறு. பேத்துர்த்தா என்று அதைச் சொல்வார்கள். செங்கோட்டை கணவாயைத் தாண்டினால் விருந்தின் கிழமையே மாறிவிடுகிறது. காரணம் ஒன்றே ஒன்று: நோன்பு தொடங்குகிற கிழமை மாறுகிறது. எந்தத் தெய்வத்தின் திருநாளும் கணவாயின் இந்தப் பக்கம் செவ்வாய், அந்தப் பக்கம் ஞாயிறு என்று வராது.

பேன்கேக் வேண்டுமானால் ஆங்கிலோ-இந்தியர் வீட்டில் பார்க்கலாம். சென்னையில் பெரம்பூர் போன்ற இடங்களில் இருக்கும் அந்தக் குடும்பங்களில் லெந்துக்கு முந்தின செவ்வாயன்று பேன்கேக் சுடும் வழக்கம் உண்டு. உள்ளே வைத்துச் சுருட்டுவது துருவிய தேங்காயும் வெல்லமும். சட்டம் மேல்நாட்டிலிருந்து வந்தது. பூரணம் இந்த மண்ணின் தோப்பிலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்தது. நோன்பு உணவுகள் உருவாகிற விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டைப் பார்த்தது என்ற கூற்றில் பாதி சரி. கத்தோலிக்கர் சொல்கிற ஒருசந்தி, இந்துக்கள் விரதத்துக்குச் சொல்கிற அதே ஒருசந்திதான். ஒருவேளை உண்பது, மீன்கறி நீக்குவது என்றால் நோன்பு என்று இந்த மண்ணில் எல்லோருக்கும் விளங்கும். அந்த வடிவத்தை நம் முன்னோர் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒளிக்கவோ வெட்கப்படவோ ஒன்றுமில்லை. ஆனால் நோன்பு எதற்காக, எத்தனை நாள், எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதெல்லாம் சபையின் காலண்டரில் இருந்து வந்தவை. பாத்திரம் ஊருடையது, நோன்பு சபையுடையது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இந்தக் கூற்று பிறக்கிறது.

பெரிய வெள்ளிக் கஞ்சியையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். மேலப்பாளையத்தில் ரம்ஜானுக்குக் காய்ச்சுகிற நோன்புக் கஞ்சியைப் பார்த்துக் கிறிஸ்தவர்கள் காய்ச்சினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது நோன்பு திறக்கிற கஞ்சி. பட்டை, இஞ்சி பூண்டு, பல நேரம் கறியும் சேர்ந்த ருசியான கஞ்சி. பெரிய வெள்ளிக் கஞ்சி துக்க நாளின் கஞ்சி. அரிசி, பயறு, உப்பு, தொட்டுக்கொள்ளத் துவையல். கறி சேர்ந்தால் அந்த நாளின் பொருளே கெட்டுவிடும். 380களில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண்மணி, அங்கே லெந்தில் சிலர் ரொட்டியும் எண்ணெயும் மரத்தில் காய்ப்பது எதுவும் தொடாமல், தண்ணீரும் கொஞ்சம் மாவுக் கஞ்சியும் மட்டும் குடித்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கஞ்சிதான் நம் கஞ்சியாக வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் ஹிஸ்லப் செய்ததையே செய்கிறவனாவேன். உடம்பை வருத்திக்கொள்ள நினைக்கிற மனிதர், கையில் இருக்கிற தானியத்தைத் தண்ணீரில் வேகவைத்துக் குடிக்கிறார்கள். எருசலேமில் அது மாவு. நம் ஆற்றுப் பாசனத்தில் அரிசி.

கடைசியாக, பெந்தெகொஸ்தே சகோதரர்கள் எழுப்புகிற ஒரு கேள்வி மதிப்புக்குரியது: லெந்து வேதத்தில் கட்டளையாக இருக்கிறதா? இல்லை. இதை நேராகவே சொல்லலாம், சொன்னவர்கள் உண்டு. 1522 மார்ச்சில் சூரிச் நகரத்தில், கிறிஸ்தோப் ஃப்ரோஷவர் என்ற அச்சுக்கூடக்காரர் வீட்டில், லெந்தின் நடுவே சிலர் பன்றி இறைச்சிக் குழல்களை வெட்டித் தின்றார்கள். ஊர் கொதித்தது. அங்கே கூட இருந்தும் தான் தின்னாத சீர்திருத்தப் போதகர் சுவிங்லி, அந்த மாதமே பிரசங்க மேடையில் அவர்களுக்காகப் பேசினார்; உணவில் கிறிஸ்தவனுக்குச் சுதந்திரம் உண்டு என்பதை வேதவசனங்களை வைத்தே வாதாடினார். தம்மூசையும் வானராக்கினியையும் அவர் துணைக்கு அழைக்கவில்லை. வலுவான வாதம் கையில் இருந்ததால் கட்டுக்கதை அவருக்குத் தேவைப்படவில்லை.

ஹிஸ்லப்பை நம் காலத்தில் மீண்டும் பரப்பியவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் உட்ரோ என்ற அமெரிக்கப் பிரசங்கியார். 1966இல் ஹிஸ்லப்பை நம்பி ஒரு புத்தகம் எழுதினார். பல மொழிகளில் போனது. ஹிஸ்லப் காட்டிய மேற்கோள்களைப் பின்னால் மூலநூல்களில் தேடிப் பார்த்தார். சொன்னபடி அங்கே இல்லை. தன் புத்தகத்தை அவரே அச்சிலிருந்து நிறுத்தி, 1997இல் அதை மறுத்து இன்னொரு புத்தகம் எழுதினார்.

லெந்து வேண்டாம் என்கிற பாஸ்டர், சுவிங்லியைப்போல வேதத்தைத் திறந்துகொண்டு வந்தால், எதிரே உட்கார்ந்து பேச ரோமர் 14 இருக்கிறது, கொலோசெயர் 2 இருக்கிறது, உபவாசம் பற்றி இயேசுவே பேசுகிற மத்தேயு 6 இருக்கிறது. நாள் முழுக்கப் பேசலாம். தம்மூசை வைத்துத் தொடங்கினால், எசேக்கியேலின் ஆறாம் மாதத்துக்கும் 692ஆம் வருஷத்து விதிக்கும் இறைச்சி இல்லாத மஸ்லெனித்சாவுக்கும் அவர் முதலில் பதில் சொல்லவேண்டும்.